சோழமண்டலத்துச் சிறு தாரா



மழை பெய்யும் நாளில் பறவை பார்க்கப் போவார் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுராந்தகத்தை அடுத்த ஒரு சிற்றூரின் ஏரிக்குச் செல்வதென முன்னரே முடிவு செய்திருந்தேன். அன்று விடியும்போதே வானம் கறுத்திருந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகியிருப்பதாக வானொலி அறிவித்தது. பயணத்தை ஒத்திவைக்கலாம் என்றேன். கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் பேத்தி விடவில்லை. "தாத்தா, மழைக்கு ஒதுங்குவது நாம்தானே? வாத்து ஒதுங்குமா?" என்று கேட்டாள். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகிய எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. இரண்டு குடைகள், ஒரு பைனாகுலர், நெகிழித் தாளில் சுற்றிய குறிப்பேடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இருவரும் புறப்பட்டோம்.

நாங்கள் காணச் சென்றது குள்ளத்தாரா என்னும் சிறு வாத்து. அவ்வூருக்கு அண்மையில் ஆசிரியராகப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், "ஐயா, ஏரியில் காகிதக் கப்பல் அளவே உள்ள வெள்ளை வாத்து இரண்டு வந்திருக்கின்றன" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். அந்த ஏரியின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. கூடு வைக்கக்கூடிய பறவையின் இருப்பிடத்தை ஊரறியச் சொல்லுதல் நல்ல வழக்கமன்று.

இப்பறவையை அரிய பறவை என்று சொல்லிவிட முடியாது. இந்தியா, இலங்கை முதலாகத் தென்கிழக்கு ஆசியாவின் வழியே ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி வரை இவ்வினம் பரவியிருக்கிறது. ஆயினும் நம்மில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் இதைக் கண்டதில்லை. கண்டவரும் இன்னதென்று அறிந்ததில்லை. காரணம் இதன் உருவம். நம் ஏரிகளில் காணப்படும் புள்ளிமூக்கு வாத்து ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ளது. குள்ளத்தாராவோ ஏறத்தாழ அதில் பாதியளவே இருக்கும். எடையும் பெரும்பாலும் கால் கிலோவை ஒட்டியே இருக்கும். உலகத்து வாத்தினங்களுள் மிகச் சிறியனவற்றுள் இது ஒன்று. இதன் அலகு குட்டையாகவும் அடியில் தடித்தும் இருப்பதால், சற்றே பெருந்தாராவின் அலகை நினைவூட்டும். ஆங்கிலேயர் இதற்குக் 'குள்ளப் பெருந்தாரா' என்று பொருள்படும் பெயரை இட்டதற்கு அதுவே காரணம்.

இதன் அறிவியற் பெயரைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் உயிரினங்களுக்கெல்லாம் இரு சொற்பெயர் இடும் முறையை வகுத்தார். அவர் மறைந்த பின்னர், அவருடைய பெருநூலை விரித்துப் பதிப்பித்தவர் கிமெலின் என்னும் செருமானியர். அவர் 1789-ஆம் ஆண்டில் இவ்வாத்துக்குப் பெயர் சூட்டினார். இன்று அது 'நெட்டாபஸ் கோரமாண்டலியானஸ்' என வழங்குகிறது. முதற்சொல், 'வாத்தின் காலை உடையது' என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களால் ஆனது. இரண்டாவது சொல் நம்முடையது. சோழமண்டலம் என்னும் நாட்டுப் பெயரை ஐரோப்பிய வணிகர்கள் தம் நாவுக்கேற்பத் திரித்துக் 'கோரமண்டல்' என்றனர். அந்தக் கரையின் பெயரே இப்பறவைக்கு அமைந்தது. சீனத்திலும் ஆஸ்திரேலியாவிலும் இவ்வாத்தைக் காணும் அறிஞர், தம் குறிப்பேட்டில் சோழமண்டலத்தின் பெயரையே எழுதுகிறார். சோழமண்டலக் கரையில் பிறந்து வளர்ந்த நானோ, அறுபது வயது வரை இதனைக் கண்டதில்லை.

காலை ஏழரை மணிக்கு ஏரிக்கரையை அடைந்தோம். தூறல் நின்றபாடில்லை. அங்கே நீர்க்கட்டி வேலை பார்க்கும் முதியவர் ஒருவர், கோணியைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கலங்கலருகே நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"அந்தச் சின்னத் தாராவா? அதைப் பார்க்கவா இந்த மழையில வந்தீங்க? வாங்க ஐயா. அல்லிக்கொடி இருக்கிற மூலையிலதான் அது மேயும். நடு ஏரிக்குப் போகாது" என்றார்.

அவர் கூற்று முழுதும் சரியானது. நம் நாட்டு ஏரி ஒரே தன்மையுடைய நீர்ப்பரப்பன்று. மதகை ஒட்டிய பகுதி ஆழமாக இருக்கும். நீர் வந்து சேரும் உள்வாய்ப் பகுதி முழங்காலளவே இருக்கும். ஆழ்ந்த நீரில் மீனைத் துரத்தி மூழ்குவது நீர்க்காகம். சேற்றில் நத்தையைத் தேடுவது நத்தைகுத்தி நாரை. அல்லி, ஆம்பல், கோரை முதலியன படர்ந்த ஆழமற்ற நீரே குள்ளத்தாராவின் இடம். நீர்ச்செடிகளின் விதைகளும் இளந்தளிர்களும் இதற்கு முதன்மையான உணவு; சிறு பூச்சிகளையும் உண்ணும். பெரும்பாலும் நீரின் மேற்பரப்பிலிருந்தே கொத்தித் தின்னும். செடியே இல்லாமல் வழித்தெடுத்த ஏரி பார்ப்பதற்குத் துப்புரவாக இருக்கலாம். ஆனால் குள்ளத்தாராவுக்கு அங்கே உண்ண ஒன்றுமில்லை. அவ்வாறே, அயல்நாட்டிலிருந்து வந்த வெங்காயத்தாமரை நீர் முழுவதையும் மூடிவிட்டாலும் அதற்கு அங்கே இடமில்லை. செடியும் வேண்டும், செடிகளுக்கிடையே திறந்த நீரும் வேண்டும்.

முதியவர் காட்டிய மூலைக்கு எதிரே, கரையின் வெளிப்புறச் சரிவில் நின்ற ஒரு பழைய இலுப்பை மரத்தடியில் ஒதுங்கினோம். மழை வலுத்தது. அல்லி இலைகளின் மீது துளிகள் விழும் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. தாமரைக்கோழி ஒன்று இலைமேல் நடந்து சென்றது. முக்குளிப்பான்கள் சில மூழ்கி மூழ்கி எழுந்தன. வாத்தைக் காணோம். ஒரு மணி நேரம் கழிந்தது. பைனாகுலரின் கண்ணாடி மூச்சுக் காற்றால் மங்கியது. என் மூக்குக் கண்ணாடியும் அவ்வாறே. "இன்னும் சிறிது நேரம் பார்ப்போம் தாத்தா" என்றாள் பேத்தி.

அந்த ஓய்வில் அவளுடைய காலைக் கேள்விக்கு விடை தேடினோம். மழைக்கு வாத்து ஏன் ஒதுங்குவதில்லை? எண்ணெய்ப் பசை காரணம் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அது பாதி விடை. வாத்தின் வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அலகால் அந்நெய்யை எடுத்து இறகுகளின்மேல் பூசுகிறது. அதனால் இறகு உலர்ந்து முறியாமல் மென்மையாக இருக்கிறது. நீர் ஒட்டாமைக்கும் அது உதவுகிறது. மற்றப் பாதி விடை இறகின் அமைப்பிலேயே உள்ளது. ஓர் இறகைக் கையிலெடுத்துப் பாருங்கள். நடுத்தண்டிலிருந்து இருபுறமும் மெல்லிய இழைகள் செல்கின்றன. அவ்விழைகளிலிருந்து அவற்றினும் நுண்ணிய கிளையிழைகள் பிரிகின்றன. அவற்றின் முனையிலுள்ள கொக்கிகள் அடுத்த இழையைப் பற்றிக்கொள்கின்றன. இவ்வாறு நெருக்கமாகப் பின்னப்பட்ட இடைவெளிகளில் காற்று தங்குகிறது. நீர்த்துளி தன் மேற்பரப்பு இழுவிசையால் அந்நுண்ணிய இடைவெளிக்குள் நுழைய மாட்டாமல் உருண்டோடுகிறது. கொக்கிகள் விலகிய இடத்தை வாத்து அலகால் நீவிச் சரிசெய்கிறது. வாத்து ஓயாமல் இறகு கோதுவது அழகுக்காக அன்று. கூரையைப் பழுது பார்க்கிறது என்று கொள்ளுங்கள்.

நான் இதைச் சொல்லி முடிக்குமுன் பேத்தி என் தோளைத் தொட்டாள். கோரைப் புதருக்குப் பின்னாலிருந்து, நீர்மட்டத்தை ஒட்டியவாறே, இரண்டு சிறு பறவைகள் விரைந்து பறந்து வந்தன. முன்னே வந்ததன் சிறகுகளில் அகன்ற வெள்ளைப் பட்டை பளிச்சிட்டது. கலகலவென்ற சிறு ஒலியும் உடன் கேட்டது. இரண்டும் அல்லிக் கொடிகளுக்கிடையே இறங்கி, இறங்கிய கணமே அசைவற்று மிதந்தன.

முதலில் வந்தது ஆண். அதன் முகமும் கழுத்தும் வெண்மை. உச்சியில் கறுத்த தொப்பி. கழுத்தடியில் கறுப்பு மாலை இட்டாற்போன்ற வளையம். முதுகு கருமை, ஒளி படும்போது அதில் பச்சை மின்னும். பெண் பழுப்பு நிறம். அதன் கண்ணின் குறுக்கே மை தீட்டியதுபோல ஒரு கருங்கோடு. அந்த வெள்ளைக் கழுத்து, விரிந்த அல்லி மலர்களுக்கு நடுவே எது பூ, எது பறவை என்று அறியாதவாறு கலந்து நின்றது. ஒரு மணி நேரமாக இவை வேறெங்கோ இருந்தனவா, நம் கண்ணெதிரே இருந்தும் நாம்தான் காணவில்லையா என்னும் ஐயம் எனக்கு இன்றளவும் உண்டு. மழைத்துளிகள் அவற்றின் முதுகில் விழுந்து முத்துகளாக உருண்டோடின. நாங்கள் இருவரும் குடையைத் தாழ்த்தி வைத்துவிட்டு நனைந்துகொண்டே பார்த்தோம்.

இதற்குள் நீர்க்கட்டியார் வந்து எங்கள் அருகில் நின்றார். தலைக்கு மேலே கையை உயர்த்திக் காட்டினார். இலுப்பை மரத்தின் நடுத்தண்டில், இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு பொந்து தெரிந்தது.

"மூணு வருசத்துக்கு முந்தி அந்தப் பொந்திலதான் அது குஞ்சு பொரிச்சுது ஐயா. ஒரு நாள் காலையில மேலேருந்து பொத்துப் பொத்துன்னு விழுது. மாங்காய்ப் பிஞ்சுதான் உதிருதுன்னு நினைச்சேன். இது இலுப்பை மரமாச்சே, மாங்காய் எங்கேருந்து வரும்? கிட்டப் போய்ப் பார்த்தா குஞ்சு! எழுந்து தாய் பின்னாடி வரிசையா ஏரிக்குப் போயிட்டுது" என்றார்.

பேத்தி நம்பவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மையே. குள்ளத்தாரா தரையில் கூடு கட்டுவதில்லை. மழைக்காலத்தை ஒட்டி, நீர்நிலைக்கு அருகிலுள்ள மரப் பொந்தில் முட்டையிடுகிறது. கிளியின் குஞ்சைப்போல இதன் குஞ்சு கண்மூடிய நிலையில் பிறப்பதன்று. மெல்லிய தூவியுடன், கண் திறந்து, பிறந்த ஓரிரு நாளிலேயே நீந்தி இரை தேடும் நிலையில் வெளிவருகிறது. தாய் கீழே நின்று அழைக்கக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குதிக்கின்றன.

அவ்வுயரத்திலிருந்து விழுந்தும் ஏன் அடிபடுவதில்லை? கணித மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். ஒரே வடிவமுள்ள இரு பொருள்களில் ஒன்றின் நீளம் மற்றதில் பாதி என்று கொள்வோம். அதன் மேற்பரப்பு நான்கில் ஒரு பங்காகும். அதன் கன அளவும், அதனால் எடையும், எட்டில் ஒரு பங்காகிவிடும். கீழே இழுப்பது எடை. விழும்போது தடுப்பது பரப்பின்மேல் மோதும் காற்று. ஆகவே பொருள் சிறிதாகச் சிறிதாக, எடையை நோக்கக் காற்றின் தடை மிகுகிறது. கோழிக்குஞ்சினும் சிறிய இந்தக் குஞ்சு, தூவியை விரித்தவாறு மெல்லவே விழுகிறது. ஈரமண்ணும் புல்லும் அதனைத் தாங்கிக்கொள்கின்றன.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. மரங்கொத்தியைப்போல மரத்தைக் குடையும் அலகு குள்ளத்தாராவுக்கு இல்லை. தானாக உண்டான பொந்தோ, பிற பறவை குடைந்து கைவிட்ட பொந்தோதான் அதற்குக் கூடு. ஒரு கிளை முறிந்து, அவ்விடத்தில் நீர் தேங்கி, பூஞ்சை பற்றி, உள்மரம் மெல்ல இற்று, ஒரு தாய்ப்பறவை நுழையும் அளவுக்குக் குழியாவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். இளமரத்தில் அது அமையாது. நாம் 'பட்டுப்போனது', 'உளுத்தது' என்று சொல்லும் கிழமரமே அதற்கு வீடு.

அந்த இலுப்பையின் அடிமரத்தில் வெள்ளை வண்ணத்தால் ஓர் எண் எழுதப்பட்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். கரையைப் பலப்படுத்தும் வேலைக்காக வெட்ட வேண்டிய மரங்களுக்கு இடப்பட்ட எண் அது என்று முதியவர் சொன்னார்.

எண்ணைக் கண்டதும் எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் வளாகத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. அதன் தண்டில் பொந்து விழுந்திருந்தது. மாலையில் புள்ளி ஆந்தை இரண்டு அங்கே வந்து அமரும். பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். பொந்து மரம் எதற்கும் உதவாது, இடத்தை அடைக்கிறது என்று கருதி, வெட்ட வேண்டுமென எழுதிக் கையொப்பமிட்டவன் நான்தான். அம்மரம் விழக்கூடிய நிலையில் உள்ளதா என்று அறிந்தாரைக் கொண்டு நான் சோதிக்கவில்லை. வெட்டிய மறுநாள் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, அந்த ஆந்தை இனி எங்கே போகும்?" என்று கேட்டான். "வேறு மரத்துக்குப் போகும்" என்றேன். வேறு மரம் எது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டுவதற்கு அவ்வளாகத்தில் அப்படியொரு மரம் இல்லை.

ஏரிக்கரைக்கும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையன்று. வடகிழக்குப் பருவமழையே தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. அந்த மூன்று மாத நீரைத் தேக்கி வைப்பது கரை. கரையின்மேல் நிற்கும் பெருமரம் புயலில் வேரோடு சாய்ந்தால் கரையும் உடையலாம். இற்றுப்போன வேரின் வழியே நீர் கசியவும் கூடும். ஆகவே எல்லா மரத்தையும் காக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த மரம் ஆபத்தானது, எது அன்று என்று மரம் மரமாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றே சொல்கிறேன்.

எங்கள் ஏரிக்குச் சில கல் தொலைவிலேயே வேடந்தாங்கல் உள்ளது. 1936-ஆம் ஆண்டில் அது பறவைகள் புகலிடமாக ஏற்கப்பட்டது. அதற்கு மிக முன்னரே அவ்வூர் உழவர்கள் பறவைகளைச் சுடவொட்டாமல் காத்து வந்தனர். ஆயிரக்கணக்கான நாரைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு நல்ல எரு என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். பறவையால் பயன் உண்டு, பயனறிந்து காத்தனர். அது போற்றத்தக்கது. ஆனால் ஏரியின் ஒரு மூலையில் இணையாக மேயும் குள்ளத்தாரா வயலுக்கு எருவிடப் போதாது. அதைக் காப்பதால் யாருக்கும் ஒரு படி நெல் கூடுதலாக விளையப்போவதில்லை. பயன் சொல்ல முடியாத ஓர் உயிரை என்ன சொல்லிக் காப்பது? எனக்குத் தோன்றும் விடை இதுதான்: முதலில் அதை அறிய வேண்டும். அறிந்ததை அழிக்கக் கை கூசும். நான் அந்த ஆந்தைகளைப் பற்றி அறிந்திருந்தால், கையொப்பமிடுமுன் ஒரு நாளேனும் தயங்கியிருப்பேன்.

அறிந்தபின் வழி தோன்றாமல் போகாது. வட அமெரிக்காவில் மரப்பொந்தில் முட்டையிடும் அழகிய வாத்தினம் ஒன்றுண்டு. வேட்டையாலும் முதிர்ந்த மரங்களை வெட்டியதாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மிகவும் அருகிவிட்டது. 1918-ஆம் ஆண்டின் சட்டத்தால் வேட்டையைத் தடுத்தனர். 1930-களில் மரப்பெட்டிகள் செய்து நீர்நிலைகளில் நட்டனர். வாத்துகள் பெட்டிகளை ஏற்றுக்கொண்டன, தொகை பெருகியது. இருக்கும் பொந்தை இழந்தபின் பெட்டி செய்வதைவிட, பொந்தைக் காப்பது எளிது.

அன்று பிற்பகல் மழை விட்டதும், பேத்தியும் நீர்க்கட்டியாரும் கலந்து ஒரு மனு எழுதினர். இலுப்பையின் பாரமான கிளைகளை மட்டும் கழித்துவிட்டால் காற்றின் விசை குறையும். பொந்துள்ள அடிமரம் கரைக்கு வெளியே நிற்பதால் அதனை விட்டுவைக்கலாம் என்பதே மனுவின் சாரம். ஊரார் முப்பத்தொரு பேர் கையொப்பமிட்டனர். நானும் இட்டேன். இந்த உரையை எழுதும் நாள் வரை விடை வரவில்லை, மரமும் வெட்டப்படவில்லை.

மாணவ மாணவியரே, அடுத்த மழை விடுமுறையில் உங்கள் ஊர் ஏரிக்குச் சென்று வாருங்கள். கலங்கல் பாயும் இடத்தில் நிற்காதீர்கள். பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பறவை உங்களைக் கண்டு பறக்காத தொலைவில் நின்று பாருங்கள். கண்டதை நாள், நேரம், இடம் குறித்து அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் காணாததும் சேர்ந்துவிடும். குள்ளத்தாரா தென்படாமற் போகலாம். அப்போது கரையைச் சுற்றி நடந்து, பொந்துள்ள மரங்கள் எத்தனை என்று எண்ணி அதே ஏட்டில் எழுதி வையுங்கள். என் பள்ளியில் அப்படி ஒரு கணக்கு எழுதப்படவில்லை.